செதில் எண்ணும் கைகள்

சேஷாசலம் மலையடிவாரத்து ஓடைப் பாறைகள் இருட்டிய பிறகும் பகல் சூட்டை விடுவதில்லை. வனத்துறை அனுமதியோடு திருப்பதியிலிருந்து கிளம்பிய ஆய்வுக் குழுவுடன் நானும் நடந்தேன். முன்னால் போன வனக்காவலர் ஒரு வெடிப்புக்குள் டார்ச் அடித்து, "அதோ சார், பங்காரு பல்லி" என்று பொன்பல்லியைக் காட்டினார். பொன்மஞ்சளாகப் பாறையோடு அப்பியிருந்தது. பக்கத்திலேயே, பல பல்லிகள் சேர்ந்து ஒட்டிவைத்த வெள்ளை முட்டைகள். எந்த வெடிப்பில் முட்டை ஒட்டும் என்பது அவருக்கு மனப்பாடம். வெடிப்பின் அளவைக் குறித்து, படமெடுத்து முடித்ததும், பல்லியைத் தொடாமலே திரும்பினோம்.

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வணங்குகிறோம். உயிருள்ள பொன்பல்லி திருமலைக் காட்டில் வாழ்வது நம்மில் பலருக்குத் தெரியாது. 1870-இல் அதை முதன்முதலாக விவரித்து எழுதியவர் சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம். அன்று இந்த மலை வட ஆற்காட்டில் இருந்தது. பிறகு நூறாண்டுக்கு மேல் ஆய்வாளர்களுக்கு அது தட்டுப்படவில்லை. 1980-களில் கிழக்குத் தொடர்ச்சி மலையில் திரும்பக் கண்டபோது, அந்தப் பழைய விவரிப்பு இருந்ததால்தான் இது எந்தப் பல்லி என்று அடையாளம் சொல்ல முடிந்தது.

விவரிப்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்தேன். எத்தனாலில் காத்துவைத்த ஒரு பழைய பல்லி மாதிரியை எடுத்து, மூக்கு நுனியிலிருந்து கழிவுத் துளை வரை காலிப்பரால் அளந்தார் ஒரு மாணவி. நுண்ணோக்கியில் விரலடித் தகடுகளையும் முதுகுச் செதில் வரிசைகளையும் எண்ணினார். இன்னொருவர் அந்தக் கணக்கைப் பார்க்காமல் முதலிலிருந்து எண்ணினார். இரண்டும் ஒத்துவந்த பிறகே பதிவேட்டில் ஏறியது.

இப்படி எண்ணி விவரித்துத்தான் புதிய இனங்களும் அறிவிக்கப்படுகின்றன. மதனப்பள்ளி அருகில் ரிஷிவேலி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. 2016-இல் இஷான் அகர்வால் அங்கிருந்து ஒரு தரைவாழ் பல்லியைப் புதிய இனமாக அறிவித்து, பள்ளத்தாக்கின் பெயரையே சூட்டினார். கடல் உயிர்களுக்கும் இதே பாடுதான். சென்னைக் கடலில் எட்கர் தர்ஸ்டன் சேகரித்த கடற்பஞ்சுகளை 1887-இல் ஆர்தர் டெண்டி விவரித்தார். கடற்பஞ்சுக்குச் செதிலும் இல்லை, விரலும் இல்லை. பெரும்பாலும் சதையை அமிலத்தில் கரைத்து, எஞ்சும் நுண்முட்களின் வடிவையும் நீளத்தையும் பார்த்து இனம் பிரிக்க வேண்டும்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பொன்பல்லி முதல் அட்டவணையில் இடம்பெற்றது. பெயரும் விவரிப்பும் இல்லாத உயிருக்குச் சட்டத்தில் இப்படி ஓர் இடம் கிடைக்காது. குவாரி வெடியில் அதன் பாறை உடைந்தாலும், அழிந்தது இன்னதென்று சொல்ல ஆளிருக்காது. ஆகவே செதில் எண்ணும் மாணவிக்கு நிலையான வேலை வேண்டும். வெடிப்பைக் காட்டிய காவலரின் பெயர் ஆய்வுக் கட்டுரையில் ஏற வேண்டும். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்த விவரிப்பு உருவாகாது.