மாம்பழம் மணக்கும் கசப்பு



பயணக் கட்டுரை என்றால் கோயில், கோபுரம், கடற்கரை என்று எதிர்பார்ப்பீர்கள். இந்த முறை உங்களை அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள வெர்மாண்ட் என்ற மலை மாநிலத்துக்கு அழைத்துப் போகிறேன். அங்கே நான் தேடிப் போய்ப் பார்த்தது ஒரு பீர். "வாத்தியாரே, இந்த வயதில் உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முழுதும் படித்துவிட்டுத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

என் அக்காள் மகன் வெர்மாண்டில் பர்லிங்டன் நகரில் வேலை செய்கிறான். போன மார்ச் மாதம் அவனைப் பார்க்கப் புறப்பட்டேன். விமான நிலையத்தில் அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, பையன் குடிக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். நேரில் பார்த்து உண்மையைச் சொல்லு. மறைக்காதே" என்றார். அவர் கண் கலங்கியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் ஒரே லயத்து வீட்டில் வளர்ந்தவர்கள்.

எங்கள் அப்பா பால் வெட்டுத் தொழிலாளி. விடியற்காலைப் பெரட்டுக்கு ஒரு நாளும் தவறாதவர். சம்பள நாளன்று மட்டும் நேரே வீட்டுக்கு வரமாட்டார். முதலில் கள்ளுக்கடை, பிறகு யாரோ ஒளித்து விற்கும் சம்சு. அம்மா ஆபீசு வாசலில் போய் நிற்பார். பாதிச் சம்பளம் கைக்கு வந்தால் அந்த மாதம் எங்களுக்கு அதிர்ஷ்டம். எனக்குப் பதினான்கு வயதாகும்போது அப்பா ஈரல் கெட்டு இறந்தார். அன்று இரவே அம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்து, அந்தச் சனியனைத் தொடமாட்டோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டார். நான் அறுபதைத் தாண்டும் வரை அதைக் காப்பாற்றி வந்தேன். குடி என்றாலே என் மூக்கில் ஏறுவது அப்பாவின் சட்டையில் இருந்த அந்தச் சம்சு நெடிதான்.

அங்கேயும் பால் வெட்டு

பர்லிங்டன் நகரம் சாம்ப்ளேன் ஏரிக் கரையில் இருக்கிறது. நான் போனபோது பனி முழுதும் கரையவில்லை. வழியில் மருமகன் காரை நிறுத்தி, "மாமா, இதைப் பாருங்கள்" என்று ஒரு தோப்பைக் காட்டினான். ஒவ்வொரு மரத்திலும் வாளி தொங்கியது! ஒரு நிமிடம் நம் தோட்டத்துக்கே வந்துவிட்டதாக நினைத்தேன்.

அவை மேப்பிள் மரங்கள். இரவில் உறைபனி, பகலில் கொஞ்சம் வெயில் என்று மாறி மாறி வரும் மாதங்களில் மரத்தில் துளை போட்டு நீர் இறக்குகிறார்கள். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய்தான். சில இடங்களில் பழையபடி வாளி. சுமார் 40 லிட்டர் நீரைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கிறது. அமெரிக்காவிலேயே இந்தப் பாகு அதிகம் எடுக்கும் மாநிலம் வெர்மாண்ட். மரத்தை நோகாமல் நீர் எடுக்கத் தெரிந்தவர்கள் நாம் மட்டும் அல்ல என்று அறிந்தபோது, அந்தக் குளிரிலும் ஊர் எனக்கு உறவாகிவிட்டது.

வீட்டுக்குப் போய்ப் பால் எடுக்கலாம் என்று ஐஸ் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மூன்று பீர் டின்கள். எனக்குச் சுருக்கென்றது. மருமகன் பார்த்துவிட்டான். மறைக்கவில்லை. "மாமா, அம்மா கேட்கச் சொன்னார்களா?" என்றான். நான் தலையாட்டினேன். "நாளைக்கு இதைச் செய்யும் ஊருக்கே போவோம். பிறகு எல்லாம் சொல்கிறேன்" என்றான்.

வெள்ளம் வந்த ஊர்

மறுநாள் மலைப் பாதையில் வாட்டர்பெரி என்ற சிற்றூருக்குப் போனோம். வினூஸ்கி ஆற்றங்கரை ஊர். ஜான் கிம்மிக், ஜென் கிம்மிக் என்ற கணவன் மனைவி 2003-ல் இங்கே 'தி ஆல்கெமிஸ்ட்' என்ற பெயரில் சாப்பாட்டுக் கடையோடு சேர்ந்த பீர்க்கடை ஒன்றைத் திறந்தார்கள். கணவர் நிலவறையில் பீர் காய்ச்சுவார். அவருக்குத் தொழில் பழக்கியவர் பர்லிங்டனில் 1988-ல் பீர்க்கடை திறந்த கிரெக் நூனன். குருவிடமிருந்து வந்த ஈஸ்ட்டை வைத்துத்தான் 'ஹெடி டாப்பர்' என்ற பீரை உண்டாக்கினார் கிம்மிக்.

2011 ஆகஸ்ட் 28-ஆம் தேதி ஐரீன் புயல் அடித்தது. ஆறு ஊருக்குள் புகுந்து அந்தக் கடையை அழித்துவிட்டது. அவர்கள் அதை மறுபடி திறக்கவில்லை. ஆனால் ஊரின் வேறு பகுதியில் டின்னில் அடைக்கும் சிறு ஆலை ஒன்றைத் தயாராக்கியிருந்தார்கள். வெள்ளம் வந்த அந்த நாட்களிலேயே டின் வெளிவரத் தொடங்கியது. வாங்குவதற்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். கூட்டமும் கார் நெரிசலும் தாங்காமல் 2013-ல் ஆலையில் இருந்த விற்பனைக் கடையை மூட வேண்டியதாயிற்று. 2016-ல் பக்கத்து ஊரான ஸ்டோவில் புது ஆலை திறந்தார்கள். வெர்மாண்டின் மிக உயர்ந்த மேன்ஸ்ஃபீல்டு மலை (1,339 மீட்டர்) அந்த ஊருக்கு அருகில்தான் நிற்கிறது.

ஸ்டோவில் மருமகன் நான்கு டின் வாங்கினான். கடைப்பெண் சிரித்துக்கொண்டே என்னிடமும் பாஸ்போர்ட் கேட்டாள். அங்கே 21 வயது ஆகாதவர்களுக்குக் கொடுக்கமாட்டார்கள். என் நரைத்த தலையைத் தொட்டுக் காட்டினேன். சட்டம் சட்டம்தான் என்றாள்.

பெயரில்தான் இந்தியா

இந்த வகைக்கு 'டபிள் இந்தியா பேல் ஏல்' என்று பெயர். நம் ஊர்ப் பெயர் எப்படி இதில் நுழைந்தது என்று கேட்பீர்கள்.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் ஹாட்ஜ்சன் என்பவரின் போ ஆலையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வெளிர் நிற பீர் இந்தியாவுக்குப் போனது. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பல மாதப் பயணம். பீர் கெடாமல் இருக்க 'ஹாப்ஸ்' என்ற கொடியின் கசப்புப் பூக்களை நிறையப் போட்டார்கள். 1820-களில் பர்ட்டன் ஊர் ஆலைகளும் போட்டியில் இறங்கின. 'இந்தியா' என்ற பெயர் அதன் பிறகு ஒட்டிக்கொண்டது. ஆனால் அதைக் குடித்தவர்கள் யார்? துரைமார்களும் அதிகாரிகளும். நம்மவர்கள் அல்ல.

பின்னாளில் அமெரிக்கர்கள் இதைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1994-ல் கலிபோர்னியாவில் வின்னி சிலூர்சோ என்பவர் பார்லி மால்ட்டையும் ஹாப்ஸையும் வெகுவாகக் கூட்டி ஒரு பீர் காய்ச்சினார். அதை 'டபிள்' வகைக்கு முன்னோடி என்கிறார்கள். வெர்மாண்ட்காரர்கள் அதைக் கலங்கலாகவும் பழ மணத்தோடும் செய்தார்கள். 2018-ல் அமெரிக்க பீர்த் தொழில் சங்கம் இந்தக் கலங்கல் வகையைத் தனி வகையாகவே பட்டியலில் சேர்த்தது.

பழமே இல்லாத பழ வாசனை

வீடு திரும்பியதும் சமையல் நடந்தது. கோழிக் கறியும் ரசமும் வைத்தோம். மருமகன் ஒரு டின்னை எடுத்தான். டின்னிலிருந்தே குடிக்கவேண்டும் என்று அதன் விளிம்பில் அச்சடித்திருக்கிறது. கோப்பையில் ஊற்றினால் வாசனை ஓடிவிடுமாம். எனக்கு நிறம் பார்க்கவேண்டும் என்று சிறு கோப்பையில் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.

மஞ்சளாக, கலங்கலாக, தண்ணீர் கலந்த மாம்பழச் சாறு போல இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சம்சு நெடிக்குத் தயாராக மூச்சை அடக்கியிருந்தேன். ஆனால் வந்தது மாம்பழ வாசனை! அதன் பின்னால் ஆரஞ்சுத் தோல், பிறகு கொஞ்சம் ஊசியிலை மரத்தின் பிசின் வாசனை.

"என்னப்பா, பழம் போட்டிருக்கிறார்களா?" என்றேன். "ஒரு துண்டுகூட இல்லை, மாமா" என்றான்.

விஷயம் இதுதான். ஹாப்ஸ் பூவில் உள்ள எண்ணெயில் மிர்சீன் என்ற பொருள் இருக்கிறது. மாம்பழத்திலும் அது உண்டு. ஹாப்ஸைக் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், வாசனை ஆவியாகப் போய்விடும். அதனால் பெரும்பங்கை அடுப்பை அணைத்த பிறகும், புளித்து ஆறிய பிறகும் போடுகிறார்கள். நம் வீட்டில் ரசத்தை இறக்கியபின் கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போடுகிறோமே, அதே சூட்சுமம். ஈஸ்ட்டும் தன் பங்குக்குப் பீச் பழம் போன்ற மணம் கொடுக்கிறது. வடிகட்டாமல் விடுவதால் தானியப் புரதமும் ஹாப்ஸ் சத்தும் சேர்ந்து கலங்கலாக நிற்கிறது. சில ஆலைகள் ஓட்ஸும் கோதுமையும் சேர்ப்பதுண்டு. இந்த வாசனை சில வாரங்களில் மங்கிவிடும். கள்ளைப் போலவே இதற்கும் புதுசுதான் அழகு.

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு சம்சுவுக்கு மட்டும்தான் என்று நான் வாதாடப் போவதில்லை. ஒரே ஒரு மிடறு குடித்தேன். முதலில் இனிப்பு, நாக்கில் வழவழப்பு, உடனே பாகற்காய் போல நின்று பிடிக்கும் கசப்பு. நன்றாக இருந்தது என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். கோப்பையைக் கீழே வைத்தேன். அப்பாவின் நினைவு வந்துவிட்டது. அவர் குடித்ததில் எந்தப் பழ வாசனையும் இருந்ததில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்குவார். உடம்பு வலியை மறக்கக் குடித்தாரே தவிர, ருசிக்காக அவர் குடித்ததே இல்லை. இத்தனை வருடம் அவர் மேல் கோபமாக இருந்த எனக்கு, அந்த மனிதரின் களைப்பு அன்றுதான் புரிந்தது. அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. அம்மா ஆபீசு வாசலில் நின்றதை யாரும் அழித்துவிட முடியாது.

மருமகன் சொன்ன கணக்கு

அப்போதுதான் மருமகன் வாய் திறந்தான். "மாமா, இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பேச ஆள் இல்லை. தினமும் மூன்று டின் குடித்தேன். பழச்சாறு போல இருந்ததால் பயமே வரவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் வேலைக்குப் போகவில்லை. கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். அம்மா சொல்லும் தாத்தா கதை ஞாபகம் வந்தது."

பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினான். இந்த டின் 473 மில்லி. சாராயச் சத்து 8 சதவீதம். அதாவது ஒரு டின்னில் சுமார் 30 கிராம் சுத்தச் சாராயம். 5 சதவீதமுள்ள சாதாரண 355 மில்லி பீரில் இருப்பது சுமார் 14 கிராம்தான். ஒரு டின் குடித்தவன் இரண்டு பீர் குடித்தவனுக்கு மேல். மூன்று டின் குடித்தவன் ஆறு பீருக்கு மேல்! மாம்பழ வாசனை அந்தக் கணக்கை மறைத்துவிடுகிறது.

"இப்போது சனிக்கிழமை மட்டும், சாப்பாட்டோடு ஒரு டின், அதுவும் கூட்டாளியோடு பாதி. குடித்த அன்று வண்டியைத் தொடமாட்டேன். பெட்டியில் மிச்சம் கிடந்தாலும் கை போகாது" என்றான். அன்றும் பாதிதான் குடித்தான். நான் இருந்த இரண்டு வாரமும் கவனித்தேன். அவன் சொன்னது பொய் இல்லை.

அக்காளுக்குச் சொன்னது

அங்கே இரவு என்றால் இங்கே காலை. அக்காள் பசியாறிக்கொண்டிருந்தபோது போன் போட்டேன். "குடிக்கிறான், அக்கா" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. "முன்பு அதிகம். இப்போது வாரத்துக்குப் பாதி டின். அவனே உங்களிடம் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறான்" என்று சொல்லிப் போனை மருமகனிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்ப் பனியில் நின்றேன். உள்ளே வந்தபோது தாயும் மகனும் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வாசகர்களே, 1941-ல் கிள்ளானில் வேலை நிறுத்தம் செய்த நம் தோட்டத் தொழிலாளர்கள், சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டார்கள். 1947-ல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். அவர்கள் போராடியது எங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்காகத்தான். அந்தப் போராட்டம் இன்னும் வீட்டுக்கு வீடு மிச்சமிருக்கிறது.

ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் பீர் தேடிப் போகவேண்டாம். நானும் அந்த மிடறுக்குப் பிறகு தொடவில்லை. ஆனால் உங்கள் பிள்ளை வெளியூரில் இருந்தால், "குடிக்கிறாயா?" என்று அதட்டுவதற்கு முன், "தனியாக இருக்கிறாயா, அப்பா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் அப்பாவிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.