சொல்லக் கூசும் உபத்திரவம்

தலைவலி என்றால் அடுத்த வீட்டு மாமியிடம் உடனே சொல்லிவிடுகிறோம். பல்வலி என்றால் தெருவுக்கே தெரியும். முழங்கால் வலியோ கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி விசாரிக்கப்படுகிற சமாசாரம். ஆனால் ஆசனவாயில் அரிப்பு, எரிச்சல் என்று எந்தப் பெண்ணாவது வாய்விட்டுச் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? பெற்ற தாயிடம்கூடச் சொல்ல மாட்டாள். டாக்டரம்மாளிடம் போனாலும், "வயிறு கொஞ்சம் சரியில்லை" என்று சுற்றி வளைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். குடும்பப் பத்திரிகையில் இதையெல்லாமா எழுதுவது என்று முகம் சுளிக்காமல் சற்றே படியுங்கள், சகோதரிகளே! குடும்பத்தில் உள்ளதைத்தானே குடும்பப் பத்திரிகையில் எழுத வேண்டும்?

எங்கள் பெரம்பலூர், அரியலூர்ச் சீமை வெயிலுக்குப் பேர் போனது. ஒரு பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல். இன்னொரு பக்கம் சிமெண்டு ஆலைகளுக்குக் கல் கொடுக்கும் சுண்ணாம்புப் பூமி. இங்கே எந்த உபத்திரவம் வந்தாலும் பெரியவர்கள் சொல்லும் முதல் காரணம் "சூடு" என்பதுதான். சித்த வைத்தியர்கள் இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்வார்கள். கீழ் நோக்கிப் போக வேண்டிய அபான வாயு மலச்சிக்கலால் தடைப்பட்டு, பித்த உஷ்ணமும் அதோடு சேர்ந்தால் மூலம் உண்டாகும் என்பது அவர்கள் கணக்கு. யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய நூலில் மூல நோய் 21 வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இத்தனை நுணுக்கமாக வகை பிரிக்க வேண்டுமானால், அந்த நாளில் எத்தனை பேர் வைத்தியரிடம் வந்து கூச்சமில்லாமல் சொல்லியிருக்க வேண்டும்!

சீன தேசத்துப் பழைய வைத்தியமும் ஏறக்குறைய இதே பாஷை பேசுகிறது. ஈரமும் உஷ்ணமும் சேர்ந்து உடம்பின் கீழ்ப் பாகத்தில் இறங்குவதால் அரிப்பு உண்டாகிறது என்பார்கள். கசப்பு வேர்களையும் மரப்பட்டைகளையும் கொதிக்க வைத்து அந்தக் கஷாயத்தால் கழுவச் சொல்வார்கள். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலாக் கஷாயத்தை ஆறவைத்துக் கழுவும் நம் ஊர் வழக்கம் இதற்குத் தங்கை முறை.

நம் பக்கத்துக் கைமருந்துகளில் தலையானது துத்தி. வேலியோரத்திலும் தரிசிலும் தானாக முளைக்கும் செடி. மஞ்சள் பூவும் இருதய வடிவ இலையுமாக நிற்கும். பருத்தியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இலையைப் பாசிப்பருப்பும் செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கூட்டுச் செய்து சாப்பிடுவார்கள். விளக்கெண்ணெயில் வதக்கி இளஞ்சூட்டில் வைத்துக் கட்டுவதும் உண்டு. அடுத்தது கருணைக்கிழங்கு. கிழங்குகளில் இதை மட்டுமே உண்போம் என்று தேரையர் சொல்லியிருக்கிறார். தொண்டையை அரிக்கும் கிழங்கு வேறிடத்து அரிப்பைத் தணிக்கிறது பாருங்கள்! புளித் தண்ணீரில் நன்றாக வேகவைத்தால் அதன் காறல் அடங்கிவிடும்.

இவையெல்லாம் மலத்தை இளக்கி, எரிச்சலுக்கு இதம் தரலாம். ஆனால் மருந்து தேடுவதற்கு முன் காரணம் தேட வேண்டும். வீட்டில் குழந்தை ராத்திரியில் தூங்காமல் பின்பக்கம் சொறிகிறதா? அது சூடு அல்ல, கீரிப்பூச்சியாக இருக்கலாம். பெண் புழு இரவில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடுகிறது. குழந்தை சொறிய, முட்டை நகக்கண்ணில் ஏறி, வாய்க்கும் படுக்கைக்கும் போய், கடைசியில் அம்மாவுக்கும் வந்துவிடுகிறது. இதற்குத் துத்தி போதாது. டாக்டரைக் கேட்டு வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே நாளில் பூச்சி மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறு தடவையும் சாப்பிட வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டி, படுக்கை விரிப்பைச் சுடுநீரில் துவைக்க வேண்டும். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்களே, அதைக் குழந்தைக்கு வேண்டாம் என்று தடுக்காதீர்கள்.

சுத்தம் அதிகமானாலும் அரிப்பு வரும் என்றால் நம்புவீர்களா? வாசனைச் சோப்பைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் அந்த மெல்லிய தோல் வறண்டு புண்ணாகிவிடும். வெறும் தண்ணீரில் கழுவி, மெதுவாக ஒற்றித் துடைத்து, ஈரமில்லாமல் வைத்தாலே பாதி உபத்திரவம் குறையும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குக் காளான் தொற்றாலும் அரிப்பு உண்டாகும். வெளியூர்ப் பிரயாணத்திலும் வேலைக்குப் போகும் இடத்திலும் கழிப்பறை சரியில்லையே என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோமே, மலச்சிக்கலுக்கு அதைவிட நல்ல அழைப்பு வேறு வேண்டுமா?

என் அத்தை ஒருத்தி, அரியலூர்ப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள், இரண்டு வருஷம் ரத்தப்போக்கை மறைத்து வைத்திருந்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். "வயசாச்சு, அவ்வளவுதான்" என்பாள். ஒரு நாள் அடுப்படியிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூலந்தான், ஆனால் உடம்பில் ரத்தம் பாதிக்கு மேல் குறைந்துபோயிருந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். "இதைப் போய் யாரிடம் சொல்வது என்று இருந்துவிட்டேன், அம்மா" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது, எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவள் சொல்லும்படி நாங்கள் யாருமே ஒரு நாளும் கேட்கவில்லையே!

ஆகவே சகோதரிகளே, அரிப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், ரத்தம் பட்டாலும், மலம் கறுத்துப் போனாலும், மலம் போகும் வழக்கம் மாறினாலும், காரணமின்றி உடம்பு இளைத்தாலும் கைமருந்தோடு நிற்காதீர்கள். மூலம் என்று நாமாக நினைத்துக்கொள்வது சில சமயம் குடலில் வளரும் கட்டியாக இருந்துவிடும். சீக்கிரம் பார்த்தால் அதையும் குணப்படுத்தலாம். சுவரில் "ஒரே நாளில் குணம்" என்று எழுதியிருக்கும் இடங்களை மட்டும் நாடாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவும் உண்டு, பெண் டாக்டர்களும் உண்டு. "ஆசனவாயில் அரிப்பு" என்ற இரண்டே வார்த்தைதான். முதல் தடவை சொல்லத்தான் கஷ்டம். உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் இன்றைக்கே நீங்களாகக் கேட்டுப் பாருங்களேன்.