நண்டு சொன்ன கணக்கு

ஒரு வகுப்பில் பாதிப் பேர் 35 மார்க், மீதிப் பேர் 75. சராசரி 55. ஆனால் அந்த 55-ஐ வாங்கினவர் வகுப்பில் ஒருவர்கூட இல்லை! சராசரி பொய் சொல்லவில்லை, உண்மையை மறைக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சந்தேகம் நண்டு விஷயத்திலும் வந்தது என்றால் நம்புவீர்களா? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் விலங்கியல் பேராசிரியர் வெல்டன், இத்தாலியின் நேப்பிள்ஸில் பிடித்த 1000 பெண் நண்டுகளை அளந்தார். மற்ற அளவுகள் அழகாக மணி வடிவத்தில் வந்தன. நெற்றி அகலம் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஒரே இனமா, இரண்டு கலந்திருக்கிறதா?

அதே கல்லூரியின் கார்ல் பியர்சன் 1894-இல் விடை தேடினார். இரண்டு மணி வளைவுகளின் கலவை என்று வைத்துக்கொண்டு, ஒன்பதாம் படிச் சமன்பாடு ஒன்றைக் கையாலேயே தீர்த்தார்! ஒரு குழு சுமார் 41 சதவீதம், இன்னொன்று 59. இன்று இதை கம்ப்யூட்டர் நொடியில் முடிக்கிறது. 1977-இல் டெம்ப்ஸ்டர், லேர்ட், ரூபின் மூவரும் பெயர் வைத்த 'ஈ.எம்.' முறை பெரிதும் உதவுகிறது.

ஆனால் படம் வரையும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். ஹிஸ்டோகிராம் காட்டுவது எண்ணிக்கை. வளைவின் கீழ்ப் பரப்போ 1. இரண்டையும் அப்படியே ஒன்றின் மேல் ஒன்று போட்டால் பொருந்தாது. ஒவ்வொரு மணியையும் முதலில் அதன் பங்கால் (0.41, 0.59) பெருக்க வேண்டும். பிறகு மொத்த எண்ணிக்கை × கட்டத்தின் அகலம். நண்டுக் கணக்கில் 1000 × 0.004, அதாவது 4. இரண்டையும் கூட்டினால் வரும் வளைவு, பட்டைகளின் மேல் கச்சிதமாக உட்காரும்.

உட்கார்ந்துவிட்டால் இரண்டு இனம் என்று நிரூபணமாகிவிட்டதா? இல்லை. ஒரே கூட்டம் இயல்பாகவே சாய்ந்திருந்தாலும் இரண்டு மணி பொருந்தும். மூன்று போட்டால் இன்னும் நன்றாகவே பொருந்தும். படம் கேள்வியைத்தான் கேட்கும். பதிலுக்கு மறுபடி நண்டைத்தான் பார்க்க வேண்டும்.

வகுப்பிலும் அப்படித்தான். 55-க்குப் பாடம் நடத்தினால் யாருக்கும் நடத்தியதாகாது. 35 வாங்கினவர்களுக்கு என்ன சிரமம் என்று அவர்களிடமே கேட்பதுதான் வழி.