ஒரு சாயம், இரு இழை: ஆண்டிபட்டி வழியில் ஒரு பாடம்

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பகுதிகளிலிருந்து பெருநாள் துணி எடுக்க மதுரைக்குப் புறப்படுகிறீர்களா? முல்லைப் பெரியாற்று நீரில் செழித்த வயல்களையும் திராட்சைப் பந்தல்களையும் கடந்து தேனியை அடைந்தபின், கிழக்கே ஆண்டிபட்டியில் சற்றே இறங்குங்கள். அவ்வட்டாரத்துச் சக்கம்பட்டியும் டி. சுப்புலாபுரமும் பருத்திச் சேலை நெசவுக்குப் பெயர் பெற்றவை.

சேலையின் அழகு தறியில் மட்டுமன்று, சாயத் தொட்டியிலும் பிறக்கிறது. 1956இல் இங்கிலாந்தில் அறிமுகமான ரியாக்டிவ் சாயங்கள், உப்பும் சோடாவும் கலந்த இளஞ்சூட்டு நீரிலேயே பருத்தி இழையோடு இரசாயன முறையில் பிணைந்துவிடுகின்றன. அதனால் பல சலவை கண்டாலும் நிறம் நிலைக்கிறது.

அதே தொட்டியில் பாலியெஸ்டர் கலந்த நூலை இட்டால் என்னவாகும்? பருத்தி நிறம் ஏற்கும். பாலியெஸ்டரோ வெண்மை மாறாது. அதற்கு டிஸ்பர்ஸ் என்னும் வேறு வகைச் சாயமும், அழுத்தக் கலத்தில் ஏறக்குறைய 130 டிகிரி வெப்பமும் வேண்டும். நூற்றுக்கு 65 பங்கு பாலியெஸ்டர் உள்ள நூலுக்குப் பருத்திச் சாயம் ஒன்றை மட்டும் இட்டால், அது வெளிறிப் போய் நிற்கும். இரு இழைக்கும் இரு சாயம் இட்டால்தான் நிறம் நிறைவுறும்.

அவ்வாறு செம்மையாகச் சாயமேறிய கலப்புத் துணியைக் கண்ணால் மட்டும் பிரித்தறிவது கடினம். சோதனை இங்கேதான் தொடங்குகிறது. கலப்பு குற்றமன்று, அத்துணி எளிதில் கசங்காது, விரைவில் உலரும். அதைத் தூய பருத்தி என்று சொல்லி விற்பதே குற்றம். வாங்குபவர் ஏமாறுகிறார், உண்மையான பருத்திச் சேலை நெய்தவரின் கூலியும் நசுங்குகிறது.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காத வணிகரைக் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். கலப்பை மறைத்த துணியும் அந்த ஈரத் தானியம் போன்றதே அல்லவா?

ஐயம் எழுந்தால், துணியின் ஓரத்தில் பிரிந்த இழை ஒன்றை எடுத்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல் எரிந்து மென்சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். கலப்பு நூலில் இரண்டின் அடையாளமும் தெரியும்.

விற்பவர் உள்ளதைச் சொல்லட்டும். வாங்குபவர் உழைப்புக்குரிய விலையைத் தரட்டும். அத்தகைய கொடுக்கல் வாங்கலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!