ஒற்றைப் பச்சை நூல்

சாறன் வாங்கப் போகிற நாம் முதலில் சாறனைப் பார்ப்பதில்லை. மடிப்பின் மேல் ஒட்டியிருக்கும் தாளைத்தான் பார்க்கிறோம். கல்முனையிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் எந்தப் புடவைக் கடைக்குள் ஏறினாலும் இதுதான் நடக்கிறது. தங்க நிறத்தில் ஒரு படம், அதன் கீழ் ஒரு பெயர், விலை. நானும் அப்படித்தான் பார்க்கிறேன். ஆனால் அந்தத் தாளைத் தொடும்போது என் விரல் கொஞ்சம் கூசும். அதற்கொரு காரணம் இருக்கிறது.

நான் பிறந்தது மருதமுனையில். மட்டக்களப்பு வாவி தெற்கே வந்து ஒடுங்குகிற பக்கத்தில், கடலோரமாய்க் கிடக்கிற ஊர். எங்கள் சிறுவயதில் லுஹருக்குப் பாங்கு சொன்னால் ஒவ்வொரு வளவாகத் தறிச் சத்தம் ஓயும். தொழுகை முடிந்ததும் திரும்பவும் ஒவ்வொன்றாய்த் தொடங்கும். வாப்பாவுக்கு இரண்டு தறிகள் இருந்தன. உம்மா தார் சுற்றுவா. ராத்தா பாவுக்குக் கஞ்சி போடுவா. எனக்கு நூல் சுமக்கிற வேலை.

1970இலிருந்து 1977 வரை நாட்டில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. வெளிநாட்டுத் துணி வருவது அருமை. மற்றவர்கள் அந்தக் காலத்தைப் பாணுக்கு வரிசையில் நின்ற காலமாக ஞாபகம் வைத்திருப்பார்கள். நெசவாளருக்கோ அது பொற்காலம். வியாபாரிகள் வாசலில் நின்று, தறியிலிருந்து இறக்கிய சூட்டோடு வாங்கிப் போனார்கள். 'மருதமுனைச் சாறன்' என்றால் நாடெங்கும் தெரியும். யார் நெய்தது என்று எவரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. ஊரின் பெயர் எல்லோருக்கும் பொதுவான பணப்பெட்டி மாதிரி இருந்தது. அதற்குப் பூட்டு வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

1977இல் அரசாங்கம் மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. விசைத்தறித் துணியும் இந்தியச் சாறனும் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. வாசலில் நின்ற வியாபாரிகள் வரவில்லை. நாங்கள்தான் அவர்களைத் தேடிப் போனோம்.

1981இல் எனக்குப் பத்தொன்பது வயது. வாப்பா நெய்த சாறன்களைக் கட்டாகக் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, கல்லாற்றுப் பாலமும் ஓந்தாச்சிமடத்துப் பாலமும் கடந்து காத்தான்குடிக்குக் கொண்டு போவேன். ஒரு கடைக்காரர் சாறனை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் உரசிப் பார்த்தார்.

"சாமான் நல்லம் தம்பி. ஆனா லேபல் இல்லயே. லேபல் இருந்தா அஞ்சு ரூபா கூடப் போடலாம்."

அந்த ஐந்து ரூபாய் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மட்டக்களப்பில் ஓர் அச்சகத்தில் இருநூறு லேபல் அடித்தேன். நான் கண்ணால் கண்டிராத ஓர் இந்திய ஊரின் பெயர். பக்கத்தில் ஒரு மயில். சோற்றுப் பசையால் ஒட்டினேன். அதே சாறன், அதே கடை, ஐந்து ரூபாய் கூட. சந்தைப்படுத்தலில் நான் கற்ற முதற்பாடம் அது. களவும் அதுதான்.

மூன்றாவது கட்டு போகும்போது வாப்பா கண்டுவிட்டார். ஒரு சாறனைக் கையிலெடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"இதார்ர பேர் மனே?"

"யாவாரம் வாப்பா. இப்பிடித்தான் எல்லாரும் செய்றாங்க."

ஏசவில்லை. விரலை எச்சிலில் நனைத்து லேபலை உரித்தார். பாதி வந்தது, பாதி வரவில்லை. பசை காய்ந்த இடம் வெள்ளையாய்க் கிடந்தது. அன்று அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு வேறொன்று நடந்தது. வாப்பா வாங்கிய சிவப்புச் சாயம் கெட்டது. முதல் கழுவலிலேயே இறங்கி, வெள்ளைக் கட்டத்தையெல்லாம் ரோஸ் ஆக்கியது. புறக்கோட்டையில் வாங்கிய மொத்த வியாபாரி நாலு கட்டையும் திருப்பி அனுப்பியதோடு நிற்கவில்லை. 'மருதமுனைச் சாறன் சாயம் போகுது' என்று சொல்லி, ஊரில் அவருக்கு நெய்துகொடுத்த எல்லோருக்கும் விலையைக் குறைத்தார். அந்தத் துணி எந்தத் தறியில் இறங்கியது என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

வாப்பாவுக்குத் தெரியும். ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளி விறாந்தையில் நெசவாளர்கள் இந்தக் கதையைப் பேசிக்கொண்டிருந்தபோது, "அது என்ட தறிச் சாறன்" என்றார். அவ்வளவுதான். யாரும் பதில் சொல்லவில்லை. நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்து நின்றேன்.

அதற்கடுத்த பாவிலிருந்து அவர் நெய்த ஒவ்வொரு சாறனிலும் கரையோரம் ஒற்றைப் பச்சை நூல் ஓடியது. டிசைனுக்குப் பொருத்தமே இல்லாத பச்சை. ஏன் என்று கேட்டேன்.

"சாயம் போனா என்னட்ட வரட்டும். மத்தவன்ட்ட போகப்படாது."

பிற்காலத்தில் வியாபாரக் குறிகளைப் பற்றி எவ்வளவோ வாசித்திருக்கிறேன். இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை. பெயர் என்பது புகழுக்கு முன்னால் ஒரு விலாசம். குற்றம் வந்து சேர வேண்டிய விலாசம். விலாசம் இல்லாத நல்ல பொருளின் நன்மை, யார் லேபல் ஒட்டுகிறாரோ அவருக்குப் போகிறது. விலாசம் இல்லாத கெட்ட பொருளின் பழி ஊர் முழுவதற்கும் போகிறது. எங்களுக்கு இரண்டும் நடந்தன.

சாயம் போன இன்னொரு துணியின் கதையைப் பிறகு அறிந்தபோது வாப்பாவைத்தான் நினைத்தேன். 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி, பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டத் துணி வாங்கினார். நம் சாறனின் சொந்தக்காரத் துணிதான். குளிர்ந்த நீரில் மெதுவாகக் கழுவ வேண்டும் என்ற எச்சரிக்கை, துணியைத் தைத்து விற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கம்பனியின் வாடிக்கையாளர்களைப் போய்ச் சேரவில்லை. சாயம் இறங்கியது, முறைப்பாடுகள் குவிந்தன, வழக்கு வரை போகும் நிலை. அப்போது விளம்பரக்காரர்கள் கதையைத் தலைகீழாக்கினார்கள். ஒவ்வொரு கழுவலிலும் நிறம் கலந்து புது அழகு பெறும் அதிசயக் கைத்தறி இது, சாயம் இறங்கும் என்பதற்கு நாங்களே உத்தரவாதம் என்றார்கள். அமெரிக்க இளைஞர்கள் சாயம் போகும் சட்டைக்காகக் கடைகளை மொய்த்தார்கள்.

கெட்டித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கெட்டித்தனத்துக்கு ஒரு பெயரும் பணமும் சஞ்சிகைப் பக்கமும் தேவைப்பட்டன. சறுக்கியவன் எழுந்து நின்று பேச அவனுக்கொரு மேடை இருந்தது. மருதமுனைத் தறிகாரனுக்குப் பள்ளி விறாந்தை மட்டுமே இருந்தது.

நம் நாட்டிலேயே வேறுவிதமாகவும் நடந்திருக்கிறது. கன்னியாஸ்திரிகள் நடத்திய நெசவு நிலையங்களின் பெண்களுக்கு டிசைன் வரைந்து கொடுக்கத் தொடங்கிய பார்பரா சன்சோனி, 1964இல் 'பெயார்ஃபுட்' என்ற கைத்தறி நிறுவனத்தைத் தொடங்கினார். வெறுங்கால் என்று பொருள். நூல் நம் நூல் போன்றதுதான், தறியும் கைத்தறிதான், நெய்தவர்கள் கிராமத்துப் பெண்கள். ஆனால் நிறங்களில் ஒரு பிடிவாதம் இருந்தது. கொழும்புக்கு வரும் வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரைத் தேடிப் போகிறார்கள். சன்சோனி 2022இல் காலமானார், பெயர் நிற்கிறது. இதில் எனக்குப் பொறாமை உண்டு. பெயரை யாரோ ஒருவர் ஒவ்வொரு நாளும் காவல் காத்ததால்தான் அது நின்றது என்பதும் தெரியும்.

எங்கள் பெயரைக் காக்க யாரும் இருக்கவில்லை. 1990க்குப் பிறகு வாவியோரப் பாதையில் பயணம் செய்வதற்கே நெஞ்சுரம் வேண்டியிருந்தது. தமிழ் ஊர்களில் எங்கள் சாறனை வாங்கியவர்களும், அவர்களை நம்பி நெய்த நாங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆண்டுகள் கழிந்தன. பிறகு 2004 டிசம்பர் 26. கடல் எங்கள் ஊரின் கரையோரத்தை அள்ளியது. மனிதர்கள் போனார்கள், தறிகளும் போயின. வாப்பா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். தறிக்கொட்டில் இருந்த இடத்தில் மணல் கிடந்தது.

ஊர்ப் பெயரைச் சட்டத்தால் காக்கலாம் என்கிறார்கள். உண்மைதான். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. நம் நாட்டுப் பொருளொன்றுக்கு அங்கே கிடைத்த முதலாவது. ஆனால் ஈரோட்டுப் பக்கத்துப் பவானி ஜமுக்காளத்துக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. இருந்தும் சோலாப்பூர் விசைத்தறி விரிப்புகள் அதே பெயரில் விற்கப்படுவதாகப் பவானி நெசவாளர்கள் முறையிடுகிறார்கள். ஒரு காலத்தில் மயில் லேபல் ஒட்டியவனுக்கு இது புரியாததல்ல. முத்திரை மட்டும் காவல் நிற்காது. அதன் பின்னால் 'அது என்ட தறி' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

ராத்தாவின் மகன் இப்போது மூன்று கைத்தறிகள் வைத்துச் சாறனும் கழுத்துத் துண்டும் நெய்விக்கிறான். லேபலுக்கு வாசகம் எழுதித் தரும்படி என்னிடம் வந்தான். எழுத்தாளர் மாமா ஏதாவது அழகாக எழுதுவார் என்று நினைத்திருப்பான்.

"உன்ட பேர், மருதமுனை, ஃபோன் நம்பர். இது போதும்" என்றேன்.

"நம்பர் என்னத்துக்கு மாமா?"

"சாயம் போனா எடுத்துச் சொல்லட்டும்."

சிரித்தான். சாயம் போகும் என்று யாராவது தன் லேபலிலேயே எழுதுவானா என்று கேட்டான். பச்சை நூலின் கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. நம்பரையும் போட்டான், கரையோரம் ஒரு பச்சை நூலையும் ஓடவிட்டான்.

போன மாதம் முதல் அழைப்பு வந்ததாம், ஏறாவூரிலிருந்து. சாயம் போகவில்லை. நெட்டையான மனிதராம், சாறன் கணுக்கால் வரை எட்டவில்லை என்று குறை. மருமகன் மன்னிப்புக் கேட்டு, அவருடைய உயரத்தை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான்.