கை வலிக்குக் காரணம் கேட்டேன்

வலி வந்தால் ‘ஏன் வந்தது?’ என்று கேட்பவர் சிலர். ‘யார் கண் பட்டது?’ என்று கேட்பவர் பலர். என் வலது முழங்கையில் நோவு கண்ட நாளிலிருந்து அந்தப் பலரிடம் நான் பட்ட பாட்டையும், அந்தச் சிலரைத் தேடி நடந்த நடையையும் எழுதுகிறேன்.

நான் பள்ளி ஆசிரியை. மாலை நேரங்களில் கம்ப நடனம் பயில்கிறேன். ‘போல் டான்ஸ்’ என்றால்தான் பலருக்கு விளங்கும். விளங்கியதும் முகம் சுளிக்கும்! சென்ற ஆண்டு ஒரு நிகழ்ச்சிக்காக, வாரம் இரு நாள் நடந்த பயிற்சி ஐந்து நாளாயிற்று. ஆறாம் வாரம், முழங்கையின் உட்புற எலும்பு முனையில் நெருப்பு வைத்தாற்போல் வலி. கரும்பலகையில் எழுதக் கை உயராது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் பிடி நழுவும். காலையில் சில நிமிடம் விரல்கள் மடங்க மறுக்கும். ஐம்பது பிள்ளைகளின் குறிப்பேடுகளைத் திருத்த வேண்டிய கை அது. என் சோறும் அந்தக் கையில்தான் இருக்கிறது.

“கம்பத்தைக் கட்டிப் பிடிச்சு ஆடினா சாமி சும்மா விடுமாடி?” என்றார் அத்தை. மந்திரித்த கயிறு ஒன்றை மணிக்கட்டில் கட்டவும் வந்தார். எதிர்வீட்டு அம்மையார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடச் சொன்னார். உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர், ஏழரைச் சனி என்று தீர்ப்பளித்து, அது விலக எத்தனை ஆண்டு, எத்தனை மாதம் என்று கணக்கும் போட்டுவிட்டார். அவர் கணக்கு ஆசிரியர்!

எனக்கு ஓர் ஐயம். கம்பத்தைப் பிடித்தவை இரண்டு கைகள். தண்டனை வலக்கைக்கு மட்டும் ஏன்? இடக்கை செய்த புண்ணியம் என்ன? சாமிக்கும் சனிக்கும் விடை தெரியாத இக்கேள்விக்கு உடற்கூற்று நூலில் விடை இருந்தது. நான் வலக்கைப் பழக்கம் உடையவள். ஏறும்போதும் சுழலும்போதும் மேலே பற்றுவது வலக்கை. உடலின் பாரத்தை ஏற்பதும் அதுவே.

வலிக்கு வருமுன் வசைக்கு விடை சொல்லிவிடுகிறேன். போட்டிகளில் பயன்படும் கம்பம் 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோகத் தண்டு. அதில் உடலை நிறுத்துவது தோலின் உராய்வு. உள்ளங்கை, முழங்கால் மடிப்பு, தொடை—இவை கம்பத்தைத் தொட்டால்தான் பிடி கிடைக்கும், துணி வழுக்கும். குறைந்த உடை ஏன் என்று கேட்போருக்கு விடை அவ்வளவே. இந்நடனம் வட அமெரிக்காவின் இரவு விடுதிகளில் வளர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1990களில் அது அங்கே உடற்பயிற்சி வகுப்பாயிற்று, பிறகு போட்டியாயிற்று. நம் நாட்டில் மல்லர் கம்பம் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் ‘மானசோல்லாசம்’ அதைக் குறிக்கிறது. பேஷ்வாக்கள் காலத்தில் பாலம்பட்ட தேவதர் அதற்குப் புத்துயிர் தந்தார். அவருக்கு அனுமனே வந்து கற்பித்தான் என்று கதை கட்டினார்கள். எங்கள் விழுப்புரத்துப் பிள்ளைகள் அதில் பெயர் பெற்றிருக்கிறார்கள். ஆண் கோவணம் கட்டி மரக் கம்பத்தில் ஏறினால் வீரக்கலை. பெண் அரைக்கால் சட்டையோடு இரும்புக் கம்பத்தில் ஏறினால் ஒழுக்கக் கேடு! கம்பத்துக்குத் தெரியாத வேறுபாடு கண்களுக்குத் தெரிகிறது. தெருவில் கழைக்கூத்தாடும் பெண்ணுக்கோ இரண்டு பெயருமில்லை. அவளுக்குக் கிடைப்பது சில்லறை.

நிற்க. கயிற்றை அத்தையிடமே கொடுத்துவிட்டு, இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். என் வயதுப் பெண். கையை நீட்டச் சொன்னார், மணிக்கட்டை மடக்கச் சொன்னார், அதைத் தாம் எதிர்த்து அழுத்தினார். வலி துள்ளியது. “இதுதான் இடம்” என்றார். பிறகு அவர் விளக்கியது எனக்குப் புதுமை. விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை கிடையாது! இறுகப் பற்றும் வலிமை முன்கைத் தசைகளில் இருக்கிறது. தசைநாண்கள் கயிறுபோல் வந்து விரல்களை இழுக்கின்றன. அத்தசைகளில் பல முழங்கையின் உட்புற முனையில் வேர்கொண்டவை. பிடிப்பது விரல், நோவது முழங்கை. பயிற்சி மிகுந்தால் தசை சில வாரங்களில் வலுக்கும். தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு; அது வலுக்க மாதங்கள் வேண்டும். தசை ‘முடியும்’ என்கிறது, நாண் ‘பொறு’ என்கிறது. இந்த இடைவெளியில் பிறந்தது என் வலி.

‘ஆடுவதை விட்டுவிடு’ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. முழு ஓய்வு நாணை மேலும் நலிவாக்கும் என்றார். சுமையைக் குறை, பிறகு படிப்படியாகக் கூட்டு என்றார். மூன்று வாரம் கையால் தொங்குவது கூடாது. கால்பிடிப் பயிற்சி மட்டும். கையைத் திருகிக் கம்பத்தைப் பற்றும் பிடி கடைசியாகத் திரும்ப வேண்டியது. மேசைமேல் முன்கையை வைத்து, ஒரு கிலோ எடையைப் பிடித்து, மணிக்கட்டை மெல்ல மெல்லத் தாழ்த்த வேண்டும். தூக்க மறு கை உதவலாம். விரல்களைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டி விரித்துப் பழக வேண்டும். மூடியே பழகிய கைக்குத் திறக்கவும் வலு வேண்டுமன்றோ? பயிற்சியின்போது சிறு வலி இருக்கலாம்; மறுநாள் காலை அது மிகுந்திருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். எல்லாச் சுழற்சியையும் இடப்பக்கமும் கற்க வேண்டும். வலி மாத்திரையை விழுங்கிவிட்டுத் தொங்குவதை அவர் கண்டிப்பாகத் தடுத்தார். வலி அடங்கும், சுமை அடங்காது. நாள்பட விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

வேறு வகை வலிகளையும் அவர் பிரித்துச் சொன்னார். இரவில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் மரத்துப்போனால், மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருக்கலாம். இரு கைகளிலும் பல மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டால், முடக்குவாதமா என்று மருத்துவரிடம் பார்த்தாக வேண்டும்; அதற்கு நாள் கடத்தினால் மூட்டே சிதையும். இளைஞர்களே, இதை மட்டுமாவது வீட்டில் சொல்லுங்கள். கயிறு கட்டிக் காத்திருக்கும் மாதங்களில் கெடுவது கிரகமன்று, மூட்டு.

நான்காம் மாதம் மறுபடி வலக்கையால் தொங்கினேன்.

என் நோய்க்கு மருத்துவர் வழங்கும் பெயர் ‘கோல்ஃப் முழங்கை’. அதன் வெளிப்புற உடன்பிறப்பு ‘டென்னிஸ் முழங்கை’. கோல்ஃப் மட்டையைக் கண்ணால் காணாத தச்சருக்கும் கொத்தனாருக்கும் அதே நோய்தான்; பெயரோ செல்வர் ஆட்டத்தின் பெயர். உழைப்பவளுக்கும் ஆங்கில மருத்துவத்தில் ஒரு பெயர் தந்திருக்கிறார்கள்—‘வீட்டு வேலைக்காரி முழங்கால்’! மண்டியிட்டுத் தரை துடைத்துத் துடைத்து முழங்கால் சில்லின்மேல் வரும் வீக்கம். பெயரில் இருக்கிறாள் அவள். மருத்துவமனை வரிசையில் நிற்கத்தான் அவளுக்கு நேரமில்லை.

என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கித் துணி துவைப்பவர். மதிப்பெண் பட்டியலில் கையொப்பமிட வந்தவர் பேனாவைப் பிடிக்க முடியாமல் நின்றார். “கை பூராவும் வலிக்குது டீச்சர். எல்லாம் என் தலையெழுத்து” என்றார். ஈரப் புடவையை முறுக்கிப் பிழிவதும் கம்பத்தைப் பற்றுவதும் முன்கைக்கு ஏறக்குறைய ஒரே வேலை. எனக்கு ஆட்டத்தை நிறுத்த மூன்று வாரம் கிடைத்தது. அவர் மூன்று நாள் நின்றால் வேறொருத்தி வந்துவிடுவாள். அவருக்கு நான் என்ன சொல்ல? ‘சுமையைக் குறை’ என்றா?

ரப்பர் வளையத்தைக் காட்டிக் கொடுத்தேன். புடவையைக் குழாயில் சுற்றி, மணிக்கட்டைத் திருகாமல் உடலைச் சாய்த்துப் பிழியும் முறையைச் செய்து காட்டினேன். அரசு மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவுக்கு ஒரு சனிக்கிழமை உடன் சென்றேன். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீடு தேடி வந்ததென்று அங்கேதான் அவர் முதன்முதலில் கேள்விப்பட்டார். “நான் வீட்டுல இருந்தாத்தானே டீச்சர் தேடி வருவாங்க?” என்று சிரித்தார்.

வேலை செய்யும் வீடுகளில் ஒன்றில், துணி பிழியும் இயந்திரம் பழுதாகி மூலையில் கிடக்கிறதாம். அதைச் சரிசெய்து தரும்படி கேட்டிருக்கிறார். பார்க்கலாம் என்றார்களாம். போன வாரம் மறுபடியும் கேட்டிருக்கிறார்.