விலகத் தெரிந்த கால்

எனக்கு அடி வாங்கப் பயம். சென்னையில் குத்துச்சண்டை பழகிய காலத்தில் இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது குத்தாலத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். முதல் நாளே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கை நீளம் போதாது. எதிராளியின் குத்து வந்து சேரும் இடத்தில் நான் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கிருந்த வழி. பயம்தான் என் காலைப் பழக்கியது.

வேடிக்கை பார்க்க வரும் அப்பாக்கள், "பின்னால போகாதடா, நின்னு அடி!" என்று கத்துவார்கள். பிள்ளை வீரனாக வேண்டும் என்ற ஆசை அது. ஆனால் தலையில் வாங்கிய அடி ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் நடையும் நினைவும் தடுமாறும். குத்துச்சண்டைக்காரர்களுக்கு வரும் இந்தக் கேட்டை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதி வைத்தார். அதனால் நான் கையுறையைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பே காலைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

எங்களுக்கு மேடை கிடையாது. நெல் காயவைக்கும் சிமெண்டுக் களத்தில் இருபதடிச் சதுரம் போட்டுக்கொள்வோம்; போட்டி மேடையின் கயிற்றுக்குள் இருக்கும் அளவு அது. இடது பாதத்தில் காவிப்பொடி, வலது பாதத்தில் கோலமாவு. வெறுங்காலோடு ஒரு ரவுண்டு, மூன்று நிமிடம், கை ஓங்காமல் ஆட வேண்டும். முடிந்ததும் எல்லாரும் குனிந்து தரையைப் பார்ப்போம். காவித் தடத்தைத் தாண்டி வெள்ளைத் தடம் விழுந்திருந்தால் கால் குறுக்கே போயிருக்கிறது. அந்த நொடியில் லேசாகத் தள்ளினாலே ஆள் விழுவான். தடங்கள் நேர்கோடாகப் பின்வாங்கி மூலையில் முடிந்திருந்தால் அவன் தானே போய்ச் சிக்கியிருக்கிறான். "மாஸ்டர், நான் வளைஞ்சுதான் போனேன்" என்பான். தரை வேறு சொல்லும்.

வயல்காட்டுப் பிள்ளைகளுக்கு வரப்பு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது: ஒரு காலுக்கு நேர் முன்னால் மறுகால். பக்கவாட்டில் அடி விழுந்தால் அந்த நிலை தாங்காது. இரண்டு பாதத்துக்கும் நடுவே தோளகலம் வேண்டும், பின்குதிகால் சற்று எழும்பியிருக்க வேண்டும். இடப்பக்கம் போக இடது கால் முதலில், வலப்பக்கம் போக வலது கால் முதலில். இடைவெளி மட்டும் மாறவே கூடாது. சேற்றில் நடந்து பழகியவர்கள் காலைத் தூக்கி வைப்பார்கள். தரையை உரசியபடி நகர்த்தச் சொல்லித்தர நாளாகும். சிலம்பம் ஆடிவிட்டு வரும் பிள்ளைகளுக்கோ எதிராளியின் நேர்கோட்டை விட்டு விலகுவது ஏற்கெனவே உடம்பில் ஊறியிருக்கிறது. கம்பு தரும் தூரம் கையுறைக்குக் கிடையாது என்பதை மட்டும் அவர்கள் பழகிக்கொள்ள வேண்டும்.

உக்ரைனின் லோமசென்கோ 2008, 2012 ஒலிம்பிக் இரண்டிலும் குத்துச்சண்டையில் தங்கம் வென்றவர். சிறுவயதில் அவர் அப்பா அவரைக் குத்துச்சண்டையிலிருந்து நிறுத்தி, கால் பழகட்டும் என்று நாட்டுப்புற நடனம் படிக்க அனுப்பினார். இதைச் சொன்ன பிறகு, பரதம் பயிலும் பெண்ணின் அம்மா ஒருவர் தயக்கம் விட்டு மகளை அனுப்பினார்.

விலகி ஓடுவது மட்டும் போதாது. விலகிய இடத்திலிருந்து குத்த முடிய வேண்டும். இடது, வலது என்று இரண்டு குத்து விட்டதும் இடது காலை அரையடி வெளியே வைத்து, அதன் முன்பாதத்தில் திரும்பி, வலது காலைப் பின்பக்கமாகச் சுழற்றிக்கொண்டு வந்தால் எதிராளிக்கு நாம் பக்கவாட்டில் நிற்போம். அவன் திரும்பிய பிறகுதான் அடிக்க முடியும், நாம் உடனே அடிக்கலாம். அந்த ஒரு நொடிக்காகத்தான் இவ்வளவு பாடும்.

சமீபத்தில் இடக்கைக்காரப் பெண் ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் நிற்பது வலது கால். அதற்கு வெளிப்புறம் தன் இடது காலை வைப்பவனுக்கே வலக்கைக் குத்துக்கு வழி திறக்கும். உள்ளே வைத்தவன் அவள் இடக்கைக்கு நேரே மாட்டுவான். எங்கள் பையன்களில் பாதிப்பேர் இன்னும் உள்ளேதான் வைக்கிறார்கள். அதனால் வாரத்தில் இரண்டு நாள் எல்லாரும் அவளோடுதான் ஆடுகிறார்கள்.